ஹார்மோன் ஊசி போடும்போது இதயத்தை யார் பார்ப்பது?

கேள்வி: 2024 ஜனவரி 9

அப்பாவுக்கு 71 வயது. 2018இல் மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது புரோஸ்டேட் புற்றுநோய். கதிர்வீச்சும், கூடவே இரண்டு வருடத்துக்கு ஹார்மோன் ஊசியும் என்று முடிவாகியிருக்கிறது. 'அந்த ஊசி போட்டால் இதயம் போய்விடும்' என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து அப்பா ஊசியே வேண்டாம் என்கிறார். முதல் ஊசிக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு

உறவினர் சொன்னதில் கால்வாசி உண்மை. முழுப் பொய்யைவிட இந்தக் கால்வாசி உண்மைதான் அதிகம் பேரைக் கெடுக்கிறது.

எனக்கு 68 வயது. 2016இல் ஸ்டென்ட். 2021 நவம்பரில் முதல் ஹார்மோன் ஊசி. மூன்று மாதத்துக்கு ஒன்றாக ஆறு ஊசி, மொத்தம் 18 மாதம், நடுவில் கதிர்வீச்சு. உயிரோடுதான் இதை எழுதுகிறேன். ஆனால் அந்த 18 மாதத்தில் என் இதயத்தை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகே மாடிப்படியில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. 22 படி. 14ஆவது படியில் நின்று கைபேசியில் ஏதோ பார்ப்பதுபோல் பாவனை செய்வேன். பின்னால் வருபவர்கள் ஒதுங்கிப் போவார்கள். எடை 71இலிருந்து 76 கிலோ. கெட்ட கொழுப்பு 68இலிருந்து 104. ஊசி செய்த வேலை.

ஜனவரி 10, காலை

இரவு எழுதியதைப் படித்தால் பயமுறுத்துவதுபோல் இருக்கிறது. ஊசி உள்ளே என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

புரோஸ்டேட் புற்றுக்குத் தீனி டெஸ்டோஸ்டிரோன். ஊசி அந்தத் தீனியை நிறுத்துகிறது. விரையை அறுவை செய்து எடுத்தால் ரத்தத்தில் எவ்வளவு இருக்குமோ அந்த அளவுக்கு இறக்கிவிடுகிறது. புற்று பட்டினி கிடக்கிறது, நல்லது. ஆனால் அதே ஹார்மோனை நம்பித்தான் தசையும், ரத்தச் சிவப்பணுவும், சர்க்கரைக் கட்டுப்பாடும் இருக்கின்றன. அது போனதும் தசை கரைகிறது, கொழுப்பு சேர்கிறது, இன்சுலின் சொன்ன பேச்சை உடம்பு கேட்க மறுக்கிறது. 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில், லூப்ரோலைடு என்ற ஹார்மோன் ஊசி போட்டவர்களுக்கு 48 வாரத்தில் கொழுப்புத் திசு சராசரியாக 9.4 சதவீதம் கூடியது, கொழுப்பற்ற திசு 2.7 சதவீதம் குறைந்தது. ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஏறியது.

ஊசி நேராகப் போய் இதயத்தைக் குத்துவதில்லை. இதயத்தைச் சுற்றியிருக்கும் நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உவராக்குகிறது. ஏற்கெனவே விரிசல் விட்ட நிலம் என்றால் சீக்கிரம் தெரியும். உங்கள் அப்பாவும் நானும் அந்த விரிசல் கட்சி.

ஜனவரி 10, பிற்பகல்

12 நாள் இருக்கிறது என்கிறீர்கள். தங்கம் மாதிரி நாட்கள், வீணாக்காதீர்கள். முதல் ஊசிக்கு முன்னால் ஒரு ஈசிஜி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்டோஸ்டிரோன் இறங்கினால் ஈசிஜியில் கியூடி என்னும் இடைவெளி நீளக்கூடும். அது மிதமிஞ்சி நீண்டால் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து உண்டு. வாந்தியை நிறுத்தும் மாத்திரைகளிலும், சில ஆன்டிபயாட்டிக்குகளிலும், சில மனச்சோர்வு மருந்துகளிலும் இதே குணம் உள்ளவை இருக்கின்றன. அப்பா விழுங்கும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ஹீமோகுளோபின், எடை, இடுப்புச் சுற்றளவு. ஊசிக்கு முந்தைய எண்கள் கையில் இருந்தால்தான் பிந்தைய எண்களுக்கு அர்த்தம் இருக்கும்.

என்னிடம் முந்தைய எண்களில் பாதிதான் இருந்தன. ஈசிஜி இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜனவரி 10, இரவு

யாரும் கேட்காததற்குக் காரணம், என் உடம்பை இரண்டு மருத்துவர்கள் பாகப்பிரிவினை செய்திருந்ததுதான். இடுப்புக்குக் கீழே ஒருவர், மார்புக்கு ஒருவர். 'இதயத்துக்கு ஒன்றும் ஆகாதே?' என்றால் கீழே இருப்பவர் 'அதை இதய மருத்துவரிடம் கேளுங்கள்' என்பார். மேலே இருப்பவரோ 'என்ன ஊசி அது?' என்று என்னிடமே கேட்பார். ஒரே கட்டடம், இரண்டு மாடி வித்தியாசம். நடுவில் நான்தான் தபால்காரன், அதுவும் கடிதம் இல்லாத தபால்காரன்.

ஜனவரி 12

'புற்றுநோயைவிட ஊசிதான் ஆபத்து, என் மாமா நிறுத்திவிட்டார், நன்றாக இருக்கிறார்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மாமா நன்றாக இருக்கட்டும். ஆனால் இதைப் படித்துவிட்டு இன்னொருவரின் அப்பா ஊசியை நிறுத்தினால் அதற்கு யார் பொறுப்பு?

கதிர்வீச்சோடு ஹார்மோன் ஏன் சேர்க்கிறார்கள் என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. புரோஸ்டேட்டைத் தாண்டிப் பரவத் தொடங்கிய, அல்லது வீரியம் மிகுந்த புற்று உள்ள 415 பேரை வைத்து ஐரோப்பாவில் நடந்த பரிசோதனையின் முடிவு 1997இல் வந்தது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் ஐந்து வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் 62 சதவீதம். கதிர்வீச்சோடு மூன்று வருடம் கோசரலின் என்ற ஹார்மோன் ஊசியும் போட்டவர்களில் 79 சதவீதம். பத்து வருடக் கணக்கிலும் அந்த இடைவெளி மூடவில்லை. இதயநோய்ச் சாவு ஊசி போட்டவர்களிடம் குறிப்பிடும்படி கூடவும் இல்லை.

இதயம், இதயம் என்று புலம்புகிற நானே சொல்கிறேன். உங்கள் அப்பா போன்ற நிலையில் ஊசியை வேண்டாம் என்பது, மழைக்குப் பயந்து ஆற்றில் இறங்குவது.

ஜனவரி 13

'ஒரு பக்கம் ஆபத்து என்கிறீர்கள், இன்னொரு பக்கம் சாவு கூடவில்லை என்கிறீர்கள், எதைத்தான் நம்புவது?' நியாயமான கேள்வி. இதில் நானும் பல நாள் குழம்பிக் கிடந்தேன்.

2006இல் அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் பதிவுகளிலிருந்து 73,196 ஆண்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். ஊசி போட்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 44 சதவீதம் கூடுதல், இதயத் தமனி நோய் 16 சதவீதம், மாரடைப்பு 11 சதவீதம் கூடுதல். 2010இல் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இவ்வகை ஊசிகளின் குறிப்புத்தாளில் இதய எச்சரிக்கையையும் நீரிழிவு எச்சரிக்கையையும் சேர்க்கச் சொன்னது. மறுவருடமே, சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் ஆட்களைப் பிரித்து நடத்திய எட்டுப் பரிசோதனைகளைச் சேர்த்து, 4,141 பேரின் கணக்கைப் பார்த்தார்கள். இதயநோயால் இறந்தவர்கள் ஊசி போட்ட பக்கம் 11 சதவீதம், போடாத பக்கம் 11.2. வித்தியாசமே இல்லை.

இரண்டும் பொய்யில்லை. முதலாவது, நிஜ வாழ்க்கையில் ஊசி போட்டுக்கொள்ளும் கிழவர்கள் எல்லோரையும் எண்ணியது. அதில் ஏற்கெனவே நோயாளிகளாக இருந்தவர்களும் அடக்கம். இரண்டாவது, பரிசோதனைக்குள் நுழைய முடிந்தவர்களை எண்ணியது. பரிசோதனைக்குள் நுழைய ஓரளவு திடகாத்திரம் வேண்டும். எண்ணியதும் சாவைத்தான். படுக்கையில் விழுந்து எழுந்தவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

எனக்குப் புரிந்தது இதுதான். ஆபத்து எல்லோர் தலையிலும் சமமாக விழுவதில்லை. மாரடைப்போ இதயச் செயலிழப்போ முன்பே கண்டவர்கள் மேல்தான் கனமாக இறங்குகிறது. 2009இல் 5,077 பேரை வைத்து வந்த ஆய்வும் இதையே காட்டியது. பழைய மாரடைப்போ, தமனி அடைப்பால் வந்த இதயச் செயலிழப்போ இருந்தவர்களிடம்தான் ஹார்மோன் சிகிச்சையோடு சேர்ந்து மொத்தச் சாவு விகிதம் ஏறியிருந்தது. மற்றவர்களிடம் இல்லை.

ஜனவரி 13, சற்று நேரம் கழித்து

'கிழவர்கள்' என்றதற்கு இருவர் கோபித்திருக்கிறார்கள். நானும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறேன். வாபஸ் இல்லை.

ஜனவரி 15

ஊசியில் இரண்டு ஜாதி உண்டு, மருத்துவரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி அது. ஒன்று பழைய வகை: லூப்ரோலைடு, கோசரலின், டிரிப்டோரெலின். இவை மூளையின் கட்டளை மணியை விடாமல் அடித்து, கேட்பவனைச் செவிடாக்கும். அதனால் முதல் ஒன்றிரண்டு வாரம் டெஸ்டோஸ்டிரோன் குறையாமல் ஏறும். அதைச் சமாளிக்கத்தான் ஆரம்பத்தில் டெஸ்டோஸ்டிரோனை மறிக்கும் பைகலூட்டமைடு மாத்திரை கொடுப்பார்கள். மற்றது புதிய வகை: டிகாரெலிக்ஸ் ஊசி, ரெலுகோலிக்ஸ் மாத்திரை. இவை மணியையே பிடித்து நிறுத்திவிடும். ஏற்றம் கிடையாது.

2020இல் வந்த ஹீரோ என்ற பரிசோதனையில் ரெலுகோலிக்ஸையும் லூப்ரோலைடையும் ஒப்பிட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம், எக்காரணத்தாலோ நேர்ந்த சாவு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், 48 வாரத்தில் மாத்திரைக்காரர்களில் 2.9 சதவீதம், ஊசிக்காரர்களில் 6.2. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர்களை மட்டும் எடுத்தால் 3.6க்கு எதிராக 17.8.

17.8ஐப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் போட்டுக்கொண்டது பழைய வகை.

ஜனவரி 16

நேற்று அரைக்கதையோடு படுக்கப் போய்விட்டேன். ஹீரோ இதயத்தை அளக்கவென்று நடத்திய பரிசோதனை அல்ல. டெஸ்டோஸ்டிரோன் இறங்கிய நிலையிலேயே இருக்கிறதா என்பதுதான் அதன் முதல் கேள்வி. இதயக் கணக்கு பக்கத்தில் எடுத்தது. இதயத்துக்காகவே நடத்தியது புரொனவுன்ஸ் என்ற இன்னொன்று. எல்லோரும் தமனி நோய் உள்ளவர்கள், டிகாரெலிக்ஸும் லூப்ரோலைடும் நேருக்கு நேர். 900 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு, 545 பேரோடு பாதியில் நின்றது. 2021இல் முடிவு வந்தது: மாரடைப்போ பக்கவாதமோ சாவோ நேர்ந்தவர்கள் டிகாரெலிக்ஸ் பக்கம் 5.5 சதவீதம், லூப்ரோலைடு பக்கம் 4.1. ஆட்களும் குறைவு, நேர்ந்த சம்பவங்களும் குறைவு. எது மேல் என்று சொல்ல முடியவில்லை.

இதில் எனக்குப் பிடித்தது வேறொரு விஷயம். அந்தப் பரிசோதனையில் இரண்டு பக்கமும் இதய மருத்துவர்கள் உடனிருந்து கொழுப்பு, அழுத்தம் எல்லாவற்றையும் கவனித்தார்கள். இரண்டு பக்கமும் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிடக் குறைந்ததில் அந்தக் கவனிப்புக்கும் பங்கு உண்டு என்பது என் ஊகம். ஊகம்தான்.

ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2022 வழிகாட்டி நடுவில் நிற்கிறது. எல்லோருக்கும் தொடக்கத்தில் இதய ஆபத்தைக் கணக்கிடு, ஈசிஜி பார், பிறகு வருடத்துக்கொரு முறை மறுபடி பார்; தமனி நோய் தொந்தரவு கொடுத்துக்கொண்டிருப்பவருக்குப் புதிய வகையை யோசி. 'யோசி' என்றுதான் இருக்கிறது, 'கட்டாயம்' என்றில்லை. மருத்துவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், கேள்வியாகக் கேளுங்கள்.

ஜனவரி 22

கேள்வி கேட்ட மகளின் பதிலைப் பார்த்தேன். ஈசிஜி எடுத்தாயிற்று, இரு மருத்துவர்களும் தொலைபேசியில் பேசினார்கள், ரத்த அழுத்த மாத்திரை ஒன்று மாறியது, நேற்று டிகாரெலிக்ஸ். நான் 18 மாதத்தில் செய்யாததை 12 நாளில் செய்துவிட்டீர்கள்.

வயிற்றில் ஊசி போட்ட இடம் சிவந்து வலிப்பதாக அப்பா முறையிடுகிறார் என்கிறீர்கள். முதல் தவணை 240 மில்லிகிராம், இரண்டு ஊசியாகப் போடுவார்கள். அந்தச் சிவப்பும் வலியும் இந்த மருந்தில் சகஜம். அடுத்த மாதத்திலிருந்து 80 மில்லிகிராம் ஒன்றுதான். சிவப்பு பரவிக்கொண்டே போனாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும் உடனே காட்டுங்கள்.

பிப்ரவரி 4

ஒரு வாக்குமூலம்.

என் மனைவி இந்த இழையைப் படித்திருக்கிறாள். 'கெட்ட கொழுப்பு 68இலிருந்து 104, ஊசி செய்த வேலை என்று எழுதியிருக்கிறீர்களே, அலமாரியைத் திறந்து பாருங்கள்' என்றாள். திறந்தேன். மருந்து டப்பாவின் அடியில், பழைய ரசீதுகளுக்குக் கீழே, கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரை அட்டைகள். 2022 கோடையில் வாங்கியவை. ஓர் அட்டையில் மூன்று குழி மட்டும் உடைந்திருக்கிறது, மற்றவற்றில் வெள்ளிக் காகிதம் பளபளவென்று அப்படியே இருக்கிறது. எண்ணினாள். விழுங்காதது 57.

நினைவு வந்தது. தொடை வலித்தது. கொழுப்பு மாத்திரையால் தசை வலி வரும் என்று எங்கோ படித்ததை வைத்து நானே நிறுத்திக்கொண்டேன். மருத்துவரிடம் சொல்லவில்லை. தொடை வலித்ததற்கு, தசை கரைந்துகொண்டிருந்ததும் நான் நடையை நிறுத்தியிருந்ததும் போதுமான காரணங்கள். மாத்திரையை மறுபடி தொடங்கியபோது கொழுப்பு 79க்கு இறங்கியது. தொடை வலி கூடவில்லை.

மேலே சொன்ன 2002 ஆய்வில் கெட்ட கொழுப்பு சராசரியாக 7.3 சதவீதம் ஏறியது. 68இல் 7.3 சதவீதம் என்றால் 5 புள்ளி. மிச்சம் 31 என் சொந்தக் கைங்கரியம். சராசரியை ஒரு தனி மனிதன் தலையில் வைத்துக் கணக்குப் போடக்கூடாதுதான். ஆனாலும் அட்டை பொய் சொல்லவில்லை.

பிப்ரவரி 5

ஆமாம், அவள் இனியும் படிப்பாள். ஜாக்கிரதையாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 6

ஒரு பின்குறிப்பு. ரெலுகோலிக்ஸ் தினமும் விழுங்க வேண்டிய மாத்திரை. நிறுத்தினால் டெஸ்டோஸ்டிரோன் சீக்கிரம் மீள்கிறது. ஹீரோவில் நிறுத்திய 90 நாளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு, 54 சதவீதத்தினருக்கு, இயல்பு அளவுக்குத் திரும்பியது. லூப்ரோலைடு பக்கம் 3 சதவீதம்தான். சிகிச்சை முடிந்தவனுக்கு இது வரம். நடுவில் மறப்பவனுக்குச் சாபம். 57 மாத்திரையை அலமாரியில் புதைத்த என்னைப் போன்றவனுக்கு மூன்று மாத ஊசிதான் சரி என்று என் மருத்துவர் நினைத்திருந்தால், தப்பு சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 18

தூக்கம் வரவில்லை, பழங்கதை பேசலாம். ஹார்மோனை நிறுத்தினால் புரோஸ்டேட் புற்று சுருங்கும் என்று 1941இல் காட்டியவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹக்கின்ஸ். நாய்களிலிருந்து தொடங்கினார். முதுமையில் புரோஸ்டேட் தொல்லை மனிதனைப்போலவே நாய்க்கும் வரும் என்பது அவருக்கு வசதியாகப் போயிற்று. விரையை எடுப்பது ஒரு வழி, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரஜனைக் கொடுப்பது இன்னொரு வழி. 1966இல் நோபல் பரிசு.

ஈஸ்ட்ரஜன் மாத்திரை மலிவு, கத்தி வேண்டாம், எல்லோருக்கும் பிடித்துப்போனது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 1960களில் நடந்த பெரிய பரிசோதனையில்தான் குட்டு வெளிப்பட்டது. தினம் 5 மில்லிகிராம் விழுங்கியவர்களில் புற்றுநோய்ச் சாவு குறைந்தது. இதயமும் ரத்தக்கட்டியும் கொண்டுபோனவர்கள் கூடினார்கள். லாபமும் நஷ்டமும் சரிக்குச் சரி. 'புரோஸ்டேட்டைக் காப்பாற்றி ஆளைத் தொலைப்பது' புதிய பிரச்சினை இல்லை, அறுபது வருடப் பிரச்சினை.

வாயால் விழுங்கிய ஈஸ்ட்ரஜன் முதலில் கல்லீரலுக்குப் போய் ரத்தம் உறையவைக்கும் பொருட்களைத் தூண்டிவிடுகிறது. தோலில் ஒட்டும் பட்டையாகக் கொடுத்தால் அந்தச் சுற்று வழி தவிர்க்கப்படுகிறது. பிரிட்டனில் இதை வைத்தே பேட்ச் என்ற பரிசோதனை நடந்தது. 2021இல் வந்த இதயக் கணக்கில் பட்டைக்காரர்களும் ஊசிக்காரர்களும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தார்கள். ஒதுக்கிவைத்த மருந்து வேறு வாசல் வழியாகத் திரும்பி வருகிறது.

இப்போதைய ஊசிகளின் மூலம் மூளையின் அடியில் சுரக்கும் ஒரு சிறு ஹார்மோன். ஆண்ட்ரூ ஷாலி பன்றி மூளைகளிலிருந்தும், ரோஜர் கியெமின் ஆட்டு மூளைகளிலிருந்தும், ஒருவரை ஒருவர் முந்தும் வேகத்தில் அதைத் தேடினார்கள். 1977இல் நோபலைப் பங்கிட்டுக்கொண்டார்கள். நாய், பன்றி, ஆடு. என் பிழைப்புக்கு ஒரு பண்ணையே கடன்பட்டிருக்கிறது.

மார்ச் 2

ஒரு திருத்தம். மூச்சு வாங்கியது இரண்டாவது ஊசிக்குப் பிறகு என்று முதல் நாள் எழுதினேன். குறிப்பேட்டில் 2022 மே என்றிருக்கிறது. அப்படியானால் மூன்றாவது. அன்று ஹீமோகுளோபின் 12.2. ஊசிக்கு முன் 14.3. டெஸ்டோஸ்டிரோன் இல்லையென்றால் எலும்பு மஜ்ஜை சிவப்பணுவைக் கொஞ்சம் சோம்பலாகத்தான் செய்யும். ரத்தம் வெளுத்தால் குறுகிய தமனி உள்ளவனுக்கு முதலில் தெரிவது படியில்தான். ஆக 14ஆவது படியில் நான் நின்றதற்குப் பாதிக் காரணம் ரத்தம், மீதிக் காரணம் கரைந்த கால்கள். புதிய அடைப்பு இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தது.

அதற்காக 'மூச்சு வாங்கினால் ரத்தசோகைதான்' என்று யாரும் வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டாம். அடுத்து எழுதப்போவது அதைப் பற்றித்தான்.

மார்ச் 3

2022 செப்டம்பரில் ஒரு ராத்திரி, மணி இரண்டரை. இந்த ஊசி போட்டவர்களுக்குத் தெரியும்: திடீரென்று மார்பிலிருந்து முகத்துக்குத் தணல் ஏறும், சட்டை நனையும், ஐந்து நிமிடத்தில் அடங்கும். அக்கம்பக்கம் எல்லாம் போர்த்திக்கொண்டு தூங்க நான் விசிறிக்கொண்டிருப்பேன். எத்தனையோ இரவு பழகியிருந்ததால் அன்றும் எழுந்து உட்கார்ந்து சட்டையைக் கழற்றினேன். தாடை லேசாக இறுக்கியது. பல் என்று நினைத்தேன்.

மனைவி விழித்து நெற்றியில் கை வைத்தாள். 'சூடாக இல்லையே, சில்லென்று இருக்கிறது' என்றாள். 'வழக்கமாக வருவதுதான், தூங்கு' என்றேன். அவள் கையை எடுக்கவில்லை. 'வழக்கமாகக் கொதிக்கும். இது பிணம் மாதிரி இருக்கிறது. கிளம்புங்கள்.'

கிளம்பினோம். மாரடைப்பு இல்லை, இதயத் தசை சேதமாகவில்லை. ஆனால் பழைய ஸ்டென்ட்டுக்குப் பக்கத்துக் கிளையில் சுருக்கம் கூடியிருந்தது. மருந்தை மாற்றினார்கள். அங்கேதான் முதன்முதலாக ஒரு பயிற்சி மருத்துவர், முப்பது வயது இருக்காது, என் இரண்டு கோப்புகளையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் படித்தார். 'கொழுப்பு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்டார். 'ஆமாம்' என்றேன்.

பிப்ரவரி 4ஆம் தேதி எழுதியதை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 4

பலர் கேட்டதால்: ஊசியால் ஏறும் அந்தத் தணல் என்றால் தோல் சிவந்து சூடாக இருக்கும், தானே வடியும். தோல் வெளுத்துச் சில்லென்று வியர்த்தாலோ, மார்பிலோ தாடையிலோ இடது கையிலோ இறுக்கம் சேர்ந்தாலோ, மூச்சு முட்டினாலோ அது வேறு. அந்த நேரத்தில் இந்த இழையில் வந்து கேட்காதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மார்ச் 17

அபிராடெரோன், என்சாலுடமைடு பற்றிக் கேட்டவருக்கு. அவை ஊசிக்கு மேல் சேர்க்கும் மாத்திரைகள், நான் சாப்பிடவில்லை. அபிராடெரோன் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பொட்டாசியத்தை இறக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். அதனால்தான் கூடவே பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டைக் கொடுப்பார்கள். கால் வீங்கினால், ஒரே வாரத்தில் எடை எகிறினால் சொல்லியாக வேண்டும். என்சாலுடமைடும் அழுத்தத்தை ஏற்றும். அதோடு அது கல்லீரலை முடுக்கிவிட்டு, சில ரத்தம் உறையாமை மாத்திரைகளையும் சில கொழுப்பு மாத்திரைகளையும் சீக்கிரம் கரைத்து வெளியேற்றிவிடும். நாம் விழுங்கியிருப்போம், ரத்தத்தில் போதிய அளவு இருக்காது. முன்பு சொன்ன மாத்திரைத் தாள் இதற்கும்தான்.

'எல்லோரும் ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளலாமே' என்றவருக்கு: ஸ்டென்ட் வைத்தவன் மருத்துவர் சொன்னபடி சாப்பிடுகிறான். இதயநோயே இல்லாதவர் தானாகத் தொடங்கினால் ரத்தக்கசிவுதான் மிச்சம்.

ஏப்ரல் 6

அப்பா நடக்க மறுக்கிறார், சோர்வு என்கிறார் என்று மகள் எழுதியிருக்கிறார். சோர்வு நிஜம், சோம்பல் என்று திட்டாதீர்கள். ஆனால் இந்தச் சோர்வு படுத்தால் கூடும், அசைந்தால் குறையும். நடை மட்டும் போதாது என்பதை நான் தாமதமாகக் கற்றேன். தசையைப் பிடித்துவைக்க எடையோ ரப்பர் பட்டையோ இழுக்க வேண்டும், வாரம் இரண்டு மூன்று தடவை. ஸ்டென்ட் உள்ளவர் இதய மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும், எலும்பில் புற்று பரவியிருந்தால் எந்த அசைவு ஆகாது என்றும் கேட்க வேண்டும். நான் நாற்காலியிலிருந்து ஆரம்பித்தேன். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது? முதல் நாள் 8. எட்டாவதில் நாற்காலியே என்னோடு எழுந்ததுபோல் இருந்தது. இப்போது 13.

நடையையும் கணக்கில் வைக்கலாம். என் இலக்கு வாரத்துக்கு 150 நிமிடம். எட்டாத வாரங்கள் உண்டு. அதையும் குறிப்பேட்டில் எழுதுகிறேன், மனைவி பார்ப்பாள் என்பதால்.

ஏப்ரல் 21

மகளுக்கு: மூன்று மாத எண்கள் பார்த்தேன். சராசரிச் சர்க்கரை 6.1இலிருந்து 6.3. இது பயப்பட வேண்டிய ஏற்றம் இல்லை, மறக்க வேண்டிய ஏற்றமும் இல்லை. எனக்கு 5.8இலிருந்து 6.4 வரை போய், ஊசி முடிந்து எடை குறைந்தபின் 6க்கு வந்தது. புரோஸ்டேட் புற்றின் போக்கைக் காட்டும் ரத்த எண்ணான பிஎஸ்ஏ நன்றாக இறங்கியிருக்கிறது, அதை அப்பாவிடம் சத்தமாகச் சொல்லுங்கள். இதயத்தைப் பற்றிப் பேசிப் பேசி, ஊசி எதற்காகப் போடுகிறோம் என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கலாம்.

ஏப்ரல் 22

ஒரு திருத்தம். ஜனவரியில் 22 படி என்று எழுதியிருக்கிறேன். நேற்று நிற்காமல் ஏறியபோது எண்ணினேன், 21. மறுபடி இறங்கி ஏறினேன், 21தான். அப்படியானால் நான் நின்றுகொண்டிருந்தது 14ஆவது படியா 13ஆவதா என்று மனைவி கேட்கிறாள்.